போட்டோ மவுஸ்பேடு: எந்த மெட்டீரியல் உங்களுக்கு ஒத்துவந்தது?

மதுரை கடைக்காரர்:
போட்டோ கிஃப்ட் கடை வைத்திருக்கிறேன். அண்மையில் ஒரு அம்மா, வேறெங்கோ போட்டு வாங்கிய மவுஸ்பேடு ஒன்றைக் கொண்டுவந்தார். மறைந்த கணவரின் படம். ஃபோம் ஷீட்டின் மேல் வினைல் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மணிக்கட்டு உரசும் கீழ் ஓரம் சுருண்டு, முகவாய் வரை உரிந்துவிட்டது. எனக்கு மனசே கேட்கவில்லை.

அவருடைய வேறு படம் இருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பார்க்கச் சொன்னேன். பழைய ஃபைலில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் கிடைத்தது. 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால், 4.5 செ.மீ. உயரமுள்ள படத்தில் ஏறக்குறைய 2125 பிக்சல் வரும். 18 செ.மீ. உயர பேடுக்கு அது போதும்.

மேலே வெள்ளை பாலியஸ்டர் துணி, அடியில் ரப்பர், 3 மி.மீ. கனம். இதில்தான் போட்டுக் கொடுத்தேன். காரணம், சப்ளிமேஷன் மை சூட்டில் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும். மேலே படலமாக நிற்காது, அதனால் உரிந்துபோக எதுவும் இல்லை. படத்தை முதலில் பேப்பரில்தான் அச்சடிப்போம், அப்போது நிறம் செத்த மாதிரிதான் தெரியும். அதைத் துணியின் மேல் வைத்து 190, 200 டிகிரியில் ஹீட் பிரஸ் அழுத்தி, பேப்பரை எடுக்கும்போதுதான் நிறம் எழும். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார். சட்டையின் கட்டம்கூடத் தெரிந்தது.

கோவை, அக்கவுண்ட்ஸ் வேலை:
நான் லெதரெட் (செயற்கைத் தோல்) பேடு வைத்திருக்கிறேன், மகள் படத்தோடு. டீ சிந்தினால் துடைத்துவிடலாம், அதற்காகவே வாங்கினேன். அந்த வகையில் குறையில்லை. ஆனால் எக்செல்லில் சின்னச் சின்ன கட்டமாகப் பிடிக்கும்போது மவுஸ் வழுக்குகிறது. துணியில் இருக்கும் பிடிமானம் இதில் இல்லை. அலுவலகத்தில் பளபளப்பான லேமினேட் போட்ட ஒரு பேடும் இருக்கிறது. அதில் கர்சர் திடீரென்று தாவும். ஆப்டிகல் மவுஸ் கீழே உள்ள பரப்பைப் படம் பிடித்துப் பிடித்துத்தானே நகர்வைக் கணக்கிடுகிறது, வெளிச்சம் கண்ணாடி போலத் திரும்பினால் அது என்ன செய்யும்? அப்புறம், ஓரம் தைத்ததா என்று பார்த்து வாங்குங்கள். தைக்காத துணி பேடில் கை படும் மூலையில் நூல் பிரிய ஆரம்பிக்கும்.

திருச்சி, கல்லூரி மாணவி:
அண்ணா, காட்டன் துணியில் போட முடியாதா? தோழிகள் எல்லோரும் இருக்கிற குரூப் படம், ஃபேர்வெல்லுக்குக் கொடுக்க வேண்டும்.

மதுரை கடைக்காரர்:
காட்டனில் சப்ளிமேஷன் மை பிடிக்காதும்மா, ஒரு துவைப்பிலேயே வெளுத்துவிடும். பாலியஸ்டரே கேளுங்கள். வெள்ளைத் துணிதான் வேண்டும், ஏனென்றால் இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் துணியின் நிறம்தான்.

குரூப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முகங்கள் சின்னதாக வரும், அதனால் துணியின் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். கொரகொரப்பான துணியில் கண்ணும் மூக்கும் கலங்கிவிடும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். கை வைக்கும் கீழ்ப்பக்கத்தில் யாருடைய முகமும் வராமல் அமைக்கச் சொல்லுங்கள். வியர்வையும் அழுக்கும் முதலில் சேர்வது அங்கேதான், அதிலும் வெளிர் நிறப் பின்னணி என்றால் சீக்கிரம் தெரியும்.

கனம் 2 மி.மீ. போதும் என்பார்கள். பையில் சுருட்டி எடுத்துப்போக அது வசதி. விடுதி மேசை சொரசொரப்பாக இருந்தால் 3 மி.மீ. எடுங்கள். புதிதில் ரப்பர் வாடை வரும், காற்றாட வைத்தால் போய்விடும். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கையால் தேய்த்து, நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ரப்பர் துணியைவிட்டு விலகும்.