2001 பிரிட்டன் கோமாரி: பக்கத்துப் பண்ணை மாடுகளையும் கொன்றது சரியா?

முகிலன்:
அந்த வருடம் பிரிட்டனில் கோமாரியை ஒழிக்க 60 லட்சத்துக்கும் மேல் ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். நோய் உறுதியான பண்ணைகளோ சுமார் 2,000 தான். நோய் வந்த பண்ணையில் 24 மணி நேரத்துக்குள், ஒட்டியிருந்த பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள் கொல்ல வேண்டும் என்று விதி. இரண்டாவது விதியைத்தான் ஏற்க முடியவில்லை. வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாத மாட்டைச் சுடுவது என்ன நியாயம்?

டாக்டர் ரேவதி:
கொப்புளம் தெரியட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும், முகிலன். மாடு நுரை தள்ளி நொண்டும், பார்த்தாலே தெரியும். செம்மறிக்கு அறிகுறி சரியாகவே தெரியாது. பிப்ரவரி 20 அன்று முதல் நோய் உறுதியாகும் முன்பே, ஆட்டுச் சந்தைகள் வழியாகக் குறைந்தது 57 பண்ணைகளுக்குப் போய்விட்டது.

முகிலன்:
ஆடு சரி, மாடு? 2011-இல் பிரிட்டனின் பிர்பிரைட் கால்நடை நோய் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அறிகுறி தெரிந்து அரை நாள் கழித்துத்தான் மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றுகிறது என்று கண்டார்கள். தினமும் வாயையும் குளம்பையும் பார்த்திருந்தால் எத்தனையோ பட்டிகள் பிழைத்திருக்கும்.

அன்வர்:
தடுப்பூசியை யாருமே பேசவில்லையே? நெதர்லாந்தில் அதே வருடம் ஊசியும் போட்டார்கள், அப்புறம் ஊசி போட்ட மாடுகளையும் கொன்றார்கள். காரணம் ஏற்றுமதி. கொன்றுவிட்டால் ஏற்றுமதிக்குத் தேவையான 'நோயற்ற நாடு' தகுதி 3 மாதத்தில் திரும்பும், ஊசி போட்டு உயிரோடு விட்டால் அன்றைய விதிப்படி 12 மாதம். உருகுவே சில ஆயிரத்தோடு கொல்வதை நிறுத்திவிட்டு, எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டே நாலு மாதத்தில் அடக்கியது.

டாக்டர் ரேவதி:
உருகுவே இன்றும் ஊசி போட்டுக்கொண்டேதான் இருக்கிறது, அன்வர். நம் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டும் கோமாரி தலைகாட்டாமலா இருக்கிறது? 2007-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் வந்தபோது நடமாட்டத்தை உடனே தடுத்து, தாமதிக்காமல் கொன்றார்கள். 8 பண்ணைகளோடு நின்றது.

முகிலன்:
அப்போது சுற்றியிருந்த எல்லாவற்றையும் கொல்லவில்லையே, டாக்டர்! நான் கேட்பதும் அதைத்தான். 2001 ஏப்ரலில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், செத்த தாயின் பக்கத்தில் ஐந்து நாள் உயிரோடு கிடந்தது ஒரு வெள்ளைக் கன்று. பத்திரிகைகளில் படம் வந்ததும் அரசு விதியைத் தளர்த்தியது. அப்படித் தளர்த்தக்கூடிய விதிக்கு அத்தனை உயிர்களா?

டாக்டர் ரேவதி:
அதற்குள் புது நோய்க் கணக்கு நன்றாக இறங்கிவிட்டிருந்தது, அதனால்தான் தளர்த்த முடிந்தது. மார்ச் கடைசியில், நோய் உச்சத்தில் இருந்தபோது உங்களிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தால் எந்தப் பட்டியை விட்டுவைத்திருப்பீர்கள்?