புதுப்பிப்பு: மாமாவுக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்தது ஏன்?

கருங்கல் ஊர் மாமாவுக்கு வலது கையும் பேச்சும் திடீரெனச் செயலிழந்தபோது, நாகர்கோவில் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ.க்கு முன்பாக சி.டி. எடுத்தது ஏன் என்று கேட்டிருந்தேன், விளக்கம் கிடைத்துவிட்டது. பக்கவாதம் இரத்தக்குழாய் அடைப்பாலும் வரலாம், இரத்தக்கசிவாலும் வரலாம். நோயாளியைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சி.டி.யில் புதிய கசிவு வெள்ளையாகத் தெரியும். மாமாவின் படத்தில் அந்த வெண்திட்டு இல்லை என்று உறுதிசெய்த பிறகே, அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டிய, இரத்த உறைவைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள்; கசிவு இருந்திருந்தால் அதே ஊசி உயிருக்கே உலை வைத்திருக்கும். தொடக்கத்தில் அடைப்பு சி.டி.யில் தெரியாமலும் போகலாம் என்பதால், “ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்று நிம்மதியடைந்து யாரும் வீடு திரும்பிவிடாதீர்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் இடப்பக்க மூளையின் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. பேச்சு திரும்பிவிட்டது, விரல்களுக்குப் பயிற்சி நடக்கிறது.