ரத்தம் கேட்டு அனுப்பும் செய்திக்குக் குழு வேண்டாம், பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும்

திருச்சியில் நாங்கள் சில பேர் சேர்ந்து ரத்த தானம் செய்பவர்களை ஒருங்கிணைக்கிறோம். முதலில் எல்லோரையும் போல வாட்ஸ்அப் குழுதான். காலை வணக்கம், பிறந்தநாள் கேக், கட்சிச் செய்தி என்று வந்து குவிய, பாதிப் பேர் மியூட்டில் போட்டுவிட்டார்கள். மதியம் ஓ நெகட்டிவ் கேட்டால் ராத்திரிதான் பார்ப்பார்கள். அதைவிடக் கொடுமை, குழுவில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். தவறாமல் ரத்தம் கொடுத்துவந்த கல்லூரிப் பெண் ஒருவருக்கு யாரோ நேரங்கெட்ட நேரத்தில் போன் செய்து தொல்லை கொடுக்க, அவர் விலகிக்கொண்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் வாட்ஸ்அப்பிலேயே உள்ள பிராட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறினோம். ஒரே செய்தி பலருக்கும் தனித்தனி சாட்டாகப் போகும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பலர் இதைக் குறை என்பார்கள், எனக்கு இதுதான் பிடித்ததே. சேர விரும்புபவர் எங்கள் நம்பரைச் சேமித்துவிட்டு பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த மாதம் மூன்றையும் அனுப்புவார். வேண்டாமென்றால் நம்பரை அழித்தால் போதும், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதிலும் எங்களுக்கு மட்டும் வரும்.

வகைக்கு ஒரு லிஸ்ட். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதால் சமீபத்தில் கொடுத்தவரை லிஸ்டிலிருந்து எடுத்துவைத்து, நாள் வந்ததும் திரும்பச் சேர்ப்போம்.

செய்தி இவ்வளவுதான்: "ஏ நெகட்டிவ், 2 யூனிட், பிரசவம், தில்லைநகர், இன்று 12-ம் தேதி மாலை 5 மணிக்குள்." தேதி கட்டாயம். தேதியில்லாத கோரிக்கைகள் ஃபார்வர்டு ஆகி வருஷக்கணக்கில் சுற்றும். நோயாளி இறந்துபோன வீட்டுக்குக்கூட "இன்னும் ரத்தம் வேண்டுமா?" என்று போன் வந்திருக்கிறது. அந்த அம்மா அழுததைக் கேட்ட பிறகு தேதி போடாமல் எதையும் அனுப்புவதில்லை.

ரத்தம் கிடைத்ததும் அதே லிஸ்டுக்கு "கிடைத்துவிட்டது, நன்றி" என்று உடனே போட்டுவிடுவோம். லீவு சொல்லிவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்த ஒருவர் அதைப் பார்த்துத் திரும்பிப் போனார். அடுத்த முறை கேட்டபோது முதல் பதில் அவருடையது. அலையவிடாமல் இருந்தால் மனிதர்கள் மறுபடி வருகிறார்கள்.

2023-இல் வந்த வாட்ஸ்அப் சேனலையும் பயன்படுத்துகிறோம், முகாம் அறிவிப்புக்கு மட்டும். அதில் பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது, நல்ல விஷயம்தான். ஆனால் செய்தி அப்டேட்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், சாட் போல உடனே கண்ணில் படாது. அவசரத்துக்கு ஆகாது.

ஏபி நெகட்டிவ் லிஸ்டில் எங்களிடம் ஆள் ரொம்பக் குறைவு. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இப்படி லிஸ்ட் நடத்துபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து செய்யலாம்.