ஜாவா: லெங்த் 9 என்கிறது, ஆனால் இண்டெக்ஸ் 9 கூடாது என்கிறது. ஏன்?

காரைக்குடி மாணவன்:
பாலிடெக்னிக் முதலாண்டு, ஜாவா நிரல்மொழி இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். ஆயா (பாட்டி) நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பதுக்கும் ஒரே சுற்றாகப் போய்வர ஆசைப்படுகிறார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பதையும் ‘கோயில்’ என்ற அரேயில், அதாவது வரிசைப் பட்டியலில், போட்டேன். ஒவ்வொன்றாக அச்சிடும் லூப் (சுற்று) ஐ = 1 முதல் ஐ <= 9 வரை. மாத்தூரில்தான் ஆரம்பிக்கிறது, இளையாத்தங்குடியைக் காணோம். பிள்ளையார்பட்டி வந்ததும் ‘இண்டெக்ஸ் 9 அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ஃபார் லெங்த் 9’ என்று நின்றுவிடுகிறது. மொத்தம் ஒன்பது என்று அதற்கே தெரிகிறதே, அப்புறம் என்ன?

கோடு பிரியன்:
ஐ = 0 என்று தொடங்குங்கள். <= எடுத்துவிட்டு < போடுங்கள். ஓடும்.

தேவகோட்டை டியூஷன்:
ஓடும், சரி. ஆனால் தம்பி, காரணம் புரியாமல் குறியை மட்டும் மாற்றினால் அடுத்த லூப்பிலும் இங்கேதான் வந்து நிற்பீர்கள். லெங்த் என்பது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு. இண்டெக்ஸ் என்பது ஒருவருக்கு முன்னால் எத்தனை பேர் என்ற கணக்கு. இளையாத்தங்குடிக்கு முன்னால் யாரும் இல்லை, அதனால் 0. பிள்ளையார்பட்டிக்கு முன்னால் எட்டு, அதனால் 8. 9 என்ற இடமே அங்கே கிடையாது.

0 <= ஐ < லெங்த் என்று எழுதுவதில் எனக்குப் பிடித்தது, மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால் எண்ணிக்கை அப்படியே வந்துவிடும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய ஒரு குறிப்பில் இதைத்தான் வாதிட்டிருக்கிறார். இன்னொன்று, 9 என்று கையால் எழுதாதீர்கள், கோயில்.லெங்த் என்றே எழுதுங்கள். ஆயா வழியில் குன்றக்குடியையும் சேர்க்கச் சொன்னால் லூப்பைத் தொடவே வேண்டாம்.

காரைக்குடி மாணவன்:
புரிந்தது அண்ணே, ஒன்பதும் வந்துவிட்டன. இப்போது ‘இங்கிருந்து அங்கே’ என்று வழி அச்சிட கோயில்[ஐ] பக்கத்தில் கோயில்[ஐ + 1] போட்டேன். கடைசியில் மறுபடி அதே பிழை.

தேவகோட்டை டியூஷன்:
கடைசிச் சுற்றை மட்டும் தாளில் போட்டுப் பாருங்கள். ஐ = 8, அப்படியென்றால் ஐ + 1 = 9. ஒன்பது ஊருக்கு நடுவே பயணம் எட்டுதான், ஆகவே எல்லை ஐ < கோயில்.லெங்த் - 1. லூப் எழுதும்போது எல்லாச் சுற்றையும் பார்க்க நேரமிருக்காது. முதல் சுற்றில் ஐ எவ்வளவு, கடைசிச் சுற்றில் உள்ளே இருக்கும் மிகப் பெரிய இண்டெக்ஸ் எவ்வளவு, இந்த இரண்டை மட்டும் கட்டாயம் பாருங்கள். பிள்ளையார்பட்டியிலிருந்து திரும்ப இளையாத்தங்குடிக்கே வர வேண்டுமென்றால் எல்லையை லெங்த் என்றே வைத்து, கோயில்[(ஐ + 1) % கோயில்.லெங்த்] என்று எடுங்கள். 9-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 0.

கோடு பிரியன்:
அடுத்த செமஸ்டரில் சி மொழி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே எல்லை தாண்டினால் இப்படி நிறுத்திச் சொல்லும் என்று நம்ப முடியாது. பக்கத்து நினைவகத்தில் கிடக்கும் ஏதோ ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். பைத்தான் மொழியில் இண்டெக்ஸாக -1 கொடுத்தாலும் பிழை வராது, கடைசிப் பெயர் வந்து நிற்கும்.