பிறந்தநாள் விருந்துக்கு எந்த ஸ்பூன் வாங்கலாம்?

செல்வி, ஈரோடு:
பையனுக்கு முதல் பிறந்தநாள். மொட்டை மாடியில் பந்தல் போட்டு 120 பேருக்குச் சாப்பாடு. வெஜிடபிள் பிரியாணி, தயிர் சாதம், கேசரி, ஐஸ்கிரீம். பந்தி கிடையாது, நின்றபடிதான். கடைக்காரர் ஒரு வெள்ளை ஸ்பூனைக் காட்டி, "சோளத்துல செஞ்சதும்மா, மண்ணுல போட்டா மக்கிடும்" என்கிறார். பார்க்க அசல் பிளாஸ்டிக். நம்பலாமா? இல்லை, மரக் கரண்டியே வாங்கிவிடவா? மாமியார் வாழை இலைதான் வேண்டும் என்கிறார். நின்றுகொண்டு இலையை எப்படிப் பிடிப்பது?

பந்திக்காரன்:
சமையல் காண்டிராக்ட் என் தொழில், அதனால் சொல்கிறேன் தங்கச்சி. அந்தச் சோள ஸ்பூன் பெரும்பாலும் பி.எல்.ஏ. என்கிற ஒரு வகை மக்கும் பிளாஸ்டிக்காக இருக்கும். சோள மாவிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் சாதாரண வகை 60 டிகிரி சூட்டிலேயே தளர்ந்துவிடும். மக்குவதற்கும் குப்பையை மக்கவைத்து உரமாக்குகிற ஆலையில் இருக்கிற சூடு வேண்டும், தோட்டத்து மண்ணில் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. மக்கும் வகை என்று விற்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். கேளுங்கள், காட்டுகிறாரா பார்ப்போம்.

மரக் கரண்டி தயிர் சாதத்துக்குச் சரி. வாங்கும்போது ஓரத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள், சிலாம்பு இருந்தால் அந்தக் கட்டே வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சை வாடை வரும், அதையும் முகர்ந்துவிடுங்கள்.

நானாக இருந்தால் இரண்டையும் வாங்க மாட்டேன். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டும் ஸ்பூனும் எடுங்கள். தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டிய வாழை இலையை மேலே போட்டுப் பரிமாறுங்கள். மாமியாருக்கும் மனக்குறை இருக்காது, தட்டிலும் பிசுக்கு ஒட்டாது. இலை மாட்டுக்குப் போகும். ஐஸ்கிரீமுக்குக் கோன் சொல்லிவிட்டால் அங்கே ஸ்பூனே தேவையில்லை.

ஒன்றே ஒன்று: எச்சில் இலையோடு ஸ்பூனும் கூடைக்குள் போய்விடும். கூடைக்குப் பக்கத்தில் ஸ்பூனைப் போட ஒரு அன்னக்கூடை தண்ணீரும், அதட்டிச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். தொலைந்த ஸ்பூனுக்குக் கடைக்காரர் காசு பிடிப்பார்.

மாடித்தோட்டம்:
இவ்வளவு பாடு எதற்கு? பாக்குமட்டைத் தட்டு வாங்கினால் முடிந்ததே. பசை, ரசாயனம் எதுவும் கிடையாது, கழுவிச் சூட்டில் அழுத்துவதுதான்.

பந்திக்காரன்:
நானும் நிறையப் பந்திக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் பாக்குமட்டையில் இயற்கையாகவே உள்ள ஆல்கலாய்டு என்கிற ரசாயனம் சாப்பாட்டில் இறங்கலாம் என்று 2025இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. பெரியவர்கள் ஒரு வேளை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் பயப்படவில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்கு மட்டும் அதில் வேண்டாம். பேப்பர் தட்டுப் பக்கமும் போகாதீர்கள். உள்ளே பளபளவென்று இருப்பது பிளாஸ்டிக் பூச்சு, நம் மாநிலத்தில் அதற்கு 2019 முதலே தடை.

செல்வி, ஈரோடு:
நன்றி அண்ணா. கடைக்காரரிடம் சான்றிதழ் கேட்டேன், "அதெல்லாம் கம்பெனியில இருக்கும்" என்றார். ஸ்பூன் அங்கேயே இருக்கட்டும். வட்ட இலை எங்கே கிடைக்கும்? முந்தின நாளே வாங்கலாமா?

பந்திக்காரன்:
இலை மண்டியில் தட்டின் அளவைச் சொன்னால் வெட்டிக் கொடுப்பார்கள். முந்தின நாள் வேண்டாம், ஓரம் சுருண்டுவிடும். காலையில் வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். பத்து இருபது கூடவே சொல்லுங்கள், கிழிசல் நிச்சயம் இருக்கும்.