டயர் பெருசா போட்டதும் ஸ்பீடு சரியா காட்டுது, ஆனா கிலோமீட்டர் குறையுது, ஏன்?

காரைக்குடி பொலேரோ:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. என்னோடது பொலேரோ, டூரிஸ்ட் ஓட்டம், ஆத்தங்குடி கானாடுகாத்தான் பிள்ளையார்பட்டின்னு ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களை ஏத்திட்டுப் போவேன். போன மாசம் நாலு டயரும் மொட்டையாயிடுச்சு. பழசு 215/75 ஆர்15 (அகலம் 215 மில்லி, பக்கவாட்டு உயரம் அதுல நூத்துக்கு 75, ரிம் 15 இஞ்ச்), கடையில 235/75 போடுங்க வண்டி கம்பீரமா நிக்கும்னு சொன்னாங்க, மாட்டிட்டேன். இப்ப வீட்ல இருந்து திருச்சி ஏர்போர்ட் போய்ட்டு வந்தா 166 காட்டுது, முன்னாடி எப்பவும் 176 வரும். கிலோமீட்டர் கணக்குல வாடகை வாங்குற எனக்கு 10 கிலோமீட்டர் போச்சுண்ணே. ஆனா ஸ்பீடு பாத்தா, முன்னாடி மீட்டர்ல 80ன்னா போன் ஜிபிஎஸ்ல 75தான் இருக்கும், இப்ப ரெண்டும் ஒட்டி வருது. ஒரே டயர், ஒரே மீட்டர், முள்ளு சரியாகி கிலோமீட்டர் மட்டும் எப்படி தப்பாகும்? மைலேஜும் 14ல இருந்து 12.5க்கு இறங்கிடுச்சு.

பழைய மெக்கானிக்:
தம்பி, மீட்டருக்கு ரோடு தெரியாது. கேபிளா இருந்தாலும் சென்சாரா இருந்தாலும் அது எண்ணுறது சுத்தை மட்டும்தான், ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம்னு கம்பெனியில வச்சுவிட்ட கணக்கை அப்படியே பெருக்கிக் காட்டும். உங்க பழைய டயர் புதுசுல 703.5 மில்லிமீட்டர் உயரம் (215ல முக்கால்வாசி, அது ரெண்டு பக்கம், கூட 15 இஞ்ச் ரிம்முக்கு 381), இப்ப போட்டது 733.5. நூத்துக்கு 4.3 கூட. அதனால நிஜமா 100 ஓடினா மீட்டருக்கு 96தான்.

அப்ப 10 கிலோமீட்டர் எப்படி குறைஞ்சதுன்னு கேப்பீங்க. மொட்டை டயர்ல பட்டன் (ரோட்டுல படுற ரப்பர் கட்டை) ஆறு ஏழு மில்லி தேஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் சேத்தா உயரத்துல 13 மில்லி காலி, சின்ன டயர் கூட சுத்தும், மீட்டர் கூட காட்டும். உங்க நிஜ தூரம் 173 தான். பழைய டயர் 3 கிலோமீட்டர் கூட்டிச் சொல்லுச்சு, புது டயர் 7 குறைச்சு சொல்லுது. இத்தனை நாள் கஸ்டமருக்கு அந்த 3 கிலோமீட்டர் தெரியாம கூடப் போயிருக்கு, அதையும் மனசுல வச்சுக்கங்க.

முள்ளு விஷயம் வேற. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தை விட குறைச்சு காட்டவே கூடாதுன்னு ஐநா விதி இருக்கு, கூட காட்டலாம், நிஜ வேகத்துல பத்துல ஒரு பங்கு, அதோட இன்னும் 4 கிலோமீட்டர் வரைக்கும். அதனால கம்பெனிக்காரங்க முள்ளை வேணும்னே கொஞ்சம் தூக்கி வைப்பாங்க, கிலோமீட்டரை தூக்க மாட்டாங்க. அந்தக் கால கேபிள் மீட்டரை கழட்டிப் பாத்தா கண்ணாலயே தெரியும், முள்ளை இழுக்கறது சுத்துற காந்தமும் அலுமினியக் கிண்ணமும் ஒரு மயிரிழை ஸ்பிரிங்கும், கிலோமீட்டர் சக்கரத்தை தள்ளுறது தனி பல்சக்கரம். உங்க வண்டியில தூக்கி வச்ச முள்ளு பெரிய டயரால சமமாயிடுச்சு, சரியா இருந்த கிலோமீட்டர் கீழ போயிடுச்சு. இனிமே முள்ளை நம்பி கூடுதலா அழுத்தாதீங்க, முன்னாடி இருந்த அந்த அஞ்சு கிலோமீட்டர் காப்பு இப்ப இல்ல.

மைலேஜ் பாதி பொய், பாதி நிஜம். 14ன்னு பாத்தது நிஜத்துல 13.75 பக்கம், இப்ப 12.5ங்கறது 13. முக்கால் கிலோமீட்டர்தான் குறைஞ்சிருக்கு, அது கனமான டயருக்கு.

தேவகோட்டை புல்லட்:
நான் புல்லட்ல பின் டயர் பெருசு போட்டேன், மீட்டர் ஒரு பொட்டு மாறல. என் வண்டிக்கு கேபிள் முன் சக்கரத்துல இருந்து வருது, அதான். எந்தச் சக்கரத்துல இருந்து எண்ணுதுன்னு முதல்ல பாக்கணும் போல.

பள்ளத்தூர்:
அகலம்தான் வேணும்னா 235/70 ஆர்15 பாருங்கண்ணே, உயரம் 710, ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வராது. ரிம் அகலம் அந்த டயரைத் தாங்குமா, லோடு நம்பர் (டயர் எவ்வளவு எடை தாங்கும்னு அதுமேல போட்டிருக்கிற நம்பர்) பழசை விட குறையாம இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. வாடகை வண்டிக்கு 235/75 வேண்டாம்.

காரைக்குடி பொலேரோ:
மெக்கானிக் அண்ணே, ரொம்ப நன்றி. இன்னைக்கு விடியக்காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்ல டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு, தரையில ஒரு கோடு போட்டு வண்டியை தள்ளி, கோடு திரும்பி கீழ வந்த இடத்துல டேப் வச்சேன், 2 மீட்டர் 23 சென்டி. ஸ்டெப்னி இன்னும் 215 புதுசுதான், அதையும் மாட்டி தள்ளினேன், 2 மீட்டர் 14. வகுத்துப் பாத்தா நீங்க சொன்ன அதே நாலு சொச்சம். அப்புறம் தேவகோட்டை ரோட்டுல மைல்கல் பாத்து சரியா 10 கிலோமீட்டர் ஓட்டினேன், டிரிப் மீட்டர் 9.6. பள்ளத்தூர் அண்ணன் சொன்ன சைஸ் நாளைக்கு கடையில கேக்குறேன், புது டயருங்கறதால மாத்தித் தருவாங்களான்னு பாக்கணும். அதுவரைக்கும் கஸ்டமர்கிட்ட போன்ல தூரத்தைக் காட்டியே வாடகை பேசிக்கிறேன், அவங்களுக்கும் ஒரு கிலோமீட்டர் கூடப் போகக் கூடாது.