பாரசீகத்தில் ஒரு புண் மதிப்பீட்டுத் தாள்: உங்கள் அனுபவம்?

ஷீராஸ் செவிலி:
ஈரானின் ஷீராஸில் முதுநிலை நர்ஸிங் படித்தபோது எங்கள் குழு பேட்ஸ்-ஜென்சன் என்ற ஆங்கிலப் புண் மதிப்பீட்டுத் தாளைப் பாரசீக மொழிக்குக் கொண்டுவந்தது. படுக்கைப் புண்ணுக்குப் பெரிதும் பயன்படும் தாள். 13 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 13இலிருந்து 65 வரை. எண் ஏற ஏறப் புண் மோசம்.

'ஜக்ம்' என்ற ஒரே சொல் காயத்துக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் வரும். அதில் சிக்கல் இல்லை. மேல்தோல் நன்றாக இருக்க, விளிம்புக்கு அடியில் பை மாதிரி குடைந்து போயிருக்குமே, 'அண்டர்மைனிங்', அதில்தான் மாட்டிக்கொண்டோம். முதல் மொழிபெயர்ப்பில் 'தக்ரீப்' என்று வந்தது. மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி 'அழிவு' என்று தந்தார்! கடைசியில் வார்டில் ஒரு மூத்த செவிலி பஞ்சுக்குச்சியை விளிம்புக்குள் விட்டு அளந்தபடியே சொன்னார்: "ஸீரே லபே காலியே." விளிம்புக்குக் கீழே காலி. நம்ம 'காலி'யேதான். அதையே வைத்துக்கொண்டோம்.

அடுத்த கூத்து எண்களில். ஒரே புண்ணுக்கு இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் ஒத்துப்போக வேண்டும், போகவில்லை. பாரசீக எழுத்தில் 2க்கும் 3க்கும் பல் போன்ற ஒரு வளைவுதான் வித்தியாசம். அவசரக் கையெழுத்தில் நான்தான் மாற்றிப் படித்திருக்கிறேன். பிறகு எண் எழுதுவதை விட்டு, கட்டத்தில் டிக் போடச் சொன்னோம்.

ஹம்பர்க் அக்கா:
நான் இங்க வீட்டுப் பராமரிப்புத் தாதி. ஈரானியர் கனபேர், ஆப்கானியரும் இருக்கினம். ஒரு ஈரானிய ஐயாவுக்குக் காலில நீரிழிவுப் புண். நோகுதோ எண்டு கேட்டால் 'கூபம்', நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவார். அது தாரோஃப் எண்ட அவையின்ர மரியாதை வழக்கம், வந்தவைக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதாம். ஒருநாள் மகள் "தீர் மீகெஷெ?" எண்டு கேட்டா. அம்பு பாஞ்ச மாதிரி குத்தி இழுக்குதோ எண்டு. ஓம் எண்டு உடன காலைத் தூக்கிக் காட்டினார்! உங்கட தாளில வலிக்கு ஒரு கட்டமும் இல்லையோ தங்கச்சி?

இன்னொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஈரானியர் 'பீமாரெஸ்தான்' எண்ணுவினம், ஆப்கானியர் 'ஷஃபாகானா' எண்ணுவினம். ஒரே தாளைக் குடுத்தால் சரிவராது.

ஷீராஸ் செவிலி:
இல்லை அக்கா. செவிலி கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் போடும் மதிப்பெண் மட்டும்தான் அதில். வலியைத் தனித்தாளில் 0 முதல் 10 வரை கேட்டு எழுதினோம். 'தீர்' பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. உங்கள் ஐயா எங்களிடம் வந்திருந்தால் 0 வாங்கியிருப்பார்.

என்னை அதிகம் உறுத்தியது புண்ணைச் சுற்றிய தோலின் நிறம். இளஞ்சிவப்பு அல்லது அந்த இனத்தாருக்கு இயல்பான நிறம் என்றால் 1. கறுப்பு என்றால் 5. தென் ஈரானியத் துறைமுகமான பந்தர் அப்பாஸிலிருந்து வந்த ஒரு பெரியவர், நம்மூர்க்காரர் போல நல்ல கறுப்பு. இடது இடுப்பில் புண். ஒருத்தி 5 போட்டாள், நான் 1. வலது இடுப்பைத் திருப்பிப் பார்த்தோம், அங்கும் அதே நிறம். பேசாமல் அவள் 5இல் இருந்த டிக்கை வெட்டிவிட்டு 1இல் போட்டாள். 'மறுபக்கத் தோலோடு ஒப்பிடுக' என்ற வரி எங்கள் வழிகாட்டிக் குறிப்பில் ஏறியது அன்றைக்குத்தான்.